நான் மருந்து அனுப்பவில்லை

1

சேவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். எழுதிப் பழகிய கை இல்லை. எங்கே புள்ளி வைப்பது, எங்கே வரியை முடிப்பது என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். வயதும் அறுபதைத் தாண்டிவிட்டது. நடந்தவை நினைவுக்கு வருகின்றன, ஆனால் வரிசையாக வருவதில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் படிக்கிற மாதிரி நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் எழுத வேண்டியதாகிவிட்டது. நம் சமணர் சங்கத்துப் போன வருட மலரில் என் தம்பி தரணேந்திரன் காலமானதைப் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். நன்றாக எழுதியிருந்தீர்கள். கடைசியில் ஒரு வரி இருந்தது. அமெரிக்காவில் புற்றுநோய் ஆராய்ச்சியில் இருக்கும் தமக்கையார் அனுப்பிய அரிய மருந்தினால் மேலும் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார் என்று. அந்தத் தமக்கையார் நான்தான்.

அதைப் படித்துவிட்டுப் போளூரிலிருந்து ஒரு அம்மா எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அவர் வீட்டுக்காரருக்கும் என் தம்பிக்கு வந்த அதே வியாதி. வேலூரில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் மருந்து கிடைக்கும் என்றால் கத்தி வைப்பதைத் தள்ளிப்போடலாம் என்று இருக்கிறோம் என்று எழுதியிருந்தார்.

ஏறக்குறைய இதே வார்த்தைகளை நான் முன்பு ஒரு கடிதத்தில் படித்திருக்கிறேன். என் தம்பி எழுதிய கடிதம் அது.

நான் மருந்து எதுவும் அனுப்பவில்லை. காத்திருக்க வேண்டாம், டாக்டர் சொன்ன நாளில் போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று போளூர் அம்மாவுக்கு அன்றே எழுதிப் போட்டுவிட்டேன். ஆனால் மலரைப் படித்தவர் அவர் ஒருவர்தானா? எத்தனை வீட்டில் எத்தனை பேர் இதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2

எழுபதுகளின் நடுவில் அமெரிக்காவில் இந்த ஊருக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் இயந்திரங்களுக்குப் படம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேன். ஒரே மகள் சுநந்தா. எனக்கு நாற்பதை நெருங்கும்போது பிறந்தவள். வந்தபோது ஒன்றாவது படித்தாள்.

ஏழு வருடம் கழித்து ஒரு குளிர்காலத்தில் அவருடைய தொழிற்சாலையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரும் அதில் ஒருவர். எங்கள் தெருவில் ரூபி என்று ஒரு கறுப்பின அம்மாள் இருந்தாள். பனி பெய்த நாளில் எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போகிறவள். மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை. அவள்தான் என்னைக் கேட்டாள். அவள் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் என் மனதில் அது நம் ஊர்ப் பேச்சாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

“எலி ரூம்ல ஆளு கேக்கறாங்க. வரியா?”

“எனக்கு இங்கிலீஷ் வராதே.”

“எலிக்கு மட்டும் வருமா?”

விண்ணப்பத்தைச் சுநந்தாதான் நிரப்பினாள். படிப்பு என்று இருந்த இடத்தில் ஐந்து என்று எழுதிவிட்டு, “அம்மா, இவ்ளோதானா?” என்று கேட்டாள். அந்த வருடம் அவள் எட்டாவது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெயரில் ஒரு கூத்து நடந்தது. இங்கே எல்லோருக்கும் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு ஏது? பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் இருந்தது அவருடைய பெயர். மார்பில் குத்திக்கொள்ளக் கொடுத்த அட்டையில் அதைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கட்டியவர் பெயரை ஒரு நாளும் வாயால் சொல்லாமல் குடித்தனம் செய்தவள் நான். அங்கே எல்லோரும் என்னை ஜினதாஸ் என்று கூப்பிட்டார்கள். தொலைபேசி அடித்தால் “ஜினதாஸ் பேசுகிறேன்” என்று நானே சொல்ல வேண்டும். முதல் வாரம் எடுக்காமலே விட்டேன். வீட்டில் சொன்னபோது அவர் வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார். “வேல போனது எனக்கு. வேலைக்குப் போறது என் பேரு” என்றார்.

அவருக்கு மறுபடி வேலை கிடைத்த பிறகும் நான் நிற்கவில்லை. இன்றைக்கும் அரை நாள் போய்க்கொண்டிருக்கிறேன். காலையில் இருட்டு பிரிவதற்குள் பஸ் ஏறி, மதியத்துக்குள் திரும்பிவிடுவேன். குளிர்காலத்தில் இங்கே நாலரை மணிக்கே சூரியன் இறங்கிவிடும். பொழுதோடு சாப்பிடுகிற பழக்கத்தை நானும் அவரும் விடவில்லை. சுநந்தா எப்போதோ விட்டுவிட்டாள். வெளியூரில் தங்கிப் படிக்கிறவளை எந்த மணிக்குச் சாப்பிட்டாய் என்று கேட்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இருவருக்கும் புரிகிறது, அதுவரைக்கும் நல்லது.

3

எலி அறைக்குள் போவதற்கு முன் தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, கைக்கும் காலுக்கும் உறை. உள்ளே சுவர் முழுக்க அடுக்கு. அடுக்கு நிறையப் பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மரச்சீவல் பரப்பி, தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாகச் செருகி, நாலைந்து வெள்ளெலிகள் விட்டிருக்கும். பெட்டியின் முன்னால் ஒரு அட்டை. பழைய சீவலைக் கொட்டிவிட்டு எலிகளைப் புதுப் பெட்டிக்கு மாற்றுவதும், தீனியும் தண்ணீரும் வைப்பதும்தான் என் வேலை.

குட்டி போட்ட பெட்டிகளை மாற்றுவதுதான் கஷ்டம். பிறந்த குட்டி மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். மயிர் இருக்காது, கண் திறந்திருக்காது. சீவலுக்குள் எங்கேயாவது புதைந்து கிடக்கும். அவசரத்தில் கொட்டினால் குப்பையோடு போய்விடும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் கையில் அப்படிப் போயிருக்கிறது.

என் கையில் ஒன்றும் போகவில்லை. இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. நம் வீடுகளில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தானே பிடிக்கிறோம்? துணியில் தங்கிய சின்ன உயிர்களைத் திரும்பக் கிணற்றிலேயே விடுகிறோம். பயறு பொறுக்கும்போது வண்டு வந்தால் நசுக்காமல் எடுத்து வேலியோரம் போடுகிறோம். ஐந்து வயதிலிருந்து அதைச் செய்த விரல்கள். சீவலைத் தட்டில் பரப்பி, பயறு பொறுக்குகிற மாதிரியே ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தேன். ஒரு நாள் பெரிய டாக்டர், அந்தக் கூடத்துக்கே தலைவர், பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாளிலிருந்து எல்லோரும் தட்டில் பரப்பிப் பார்த்த பிறகுதான் கொட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரூபி என்னைத் திட்டினாள். “உன்னால எனக்கு வேல ரெண்டு பங்கு ஆயிட்ச்சு, தெரியுமா?”

அங்கே என்ன ஆராய்ச்சி நடந்தது என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன். எலியின் தோலுக்கு அடியில் ஊசியால் புற்றுநோய் அணுக்களை வைப்பார்கள். கொஞ்ச நாளில் விலாப்பக்கம் ஒரு கட்டி எழும்பும். பிறகு வேறொரு எலியின் மண்ணீரலிலிருந்து வெள்ளணுக்களை எடுப்பார்கள். உடம்புக்கு வருகிற நோயை எதிர்ப்பது அந்த அணுக்கள்தானாம். ஆனால் புற்றுநோயைப் பார்த்தால் பல நேரம் சும்மா இருந்துவிடுமாம். அவற்றை ஒரு தட்டில் ஊற்றி, வளர வைக்கிற ஒரு சத்தையும் சேர்த்து, உடம்புச் சூடு மாறாத பெட்டிக்குள் வைப்பார்கள். சில நாளில் அவை பெருகி, முரட்டுத்தனம் வந்துவிடும். அதைக் கொண்டுபோய்க் கட்டி உள்ள எலிக்கு ஏற்றுவார்கள். கூடவே அந்தச் சத்தையும் ஊசியாகப் போடுவார்கள்.

இது எனக்குப் புரிந்தது தயிரை வைத்துத்தான். சூடு சரியாக இருக்க வேண்டும், உறை நல்லதாக இருக்க வேண்டும், பெருகக் காத்திருக்க வேண்டும். இந்த எலிகள் எல்லாம் ஒரே வம்சம், ஒரே அச்சு. அதனால் ஒன்றின் அணு இன்னொன்றுக்கு ஆகும். மனிதருக்கு அப்படி இல்லை. அவரவர் ரத்தத்திலிருந்து எடுத்து, அவரவருக்குத்தான் ஏற்ற வேண்டும்.

சில பெட்டிகளில் கட்டி சுருங்கிச் சுருங்கி, வெறும் பொருக்காகி உதிர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். எலி பாட்டுக்குத் தீனி தின்றுகொண்டிருக்கும். அதே மருந்து போட்ட பக்கத்துப் பெட்டியில் கட்டி வளர்ந்துகொண்டே போகும். இன்னும் சில எலிகளுக்கு அந்தச் சத்தே தாங்காது. உடம்பில் நீர் கோத்து, மூச்சு வாங்கி, கட்டி கொல்வதற்கு முன்னால் மருந்தே கொன்றுவிடும்.

தேறிய எலிகளும் உயிரோடு இருக்கவில்லை. உள்ளே எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க அவற்றையும் கொன்றுதான் ஆக வேண்டும். நான் மாதக்கணக்கில் தீனி வைத்தவை. கொல்கிற வேலை எங்களுக்கும் உண்டு. பெட்டிக்குள் விட்டு வாயுவைத் திறக்க வேண்டும். என்னால் முடியாது என்று ரூபியிடம் சொன்னேன். என் பங்கையும் அவள் செய்தாள். அதற்குப் பதிலாக அவளுடைய சனிக்கிழமைப் பெட்டிகளை நான் மாற்றினேன்.

ஒரு தடவை அவள் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். “உன் சாமி உன் கையத்தான் பாக்குமா? என் கைய நீதான் அனுப்பினன்னு அதுக்குத் தெரியாதா?”

நான் அடுத்த பெட்டியின் சீவலைத் தட்டில் பரப்பினேன்.

4

ஊருக்குக் கடிதம் எழுதுவது எப்போதும் என் வீட்டுக்காரர்தான். நீல ஏரோகிராமில் பொடிப்பொடியாக எழுதுவார். கீழே ஒரு விரல்கடை இடம் விடுவார். அதில் நான் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். வேலைக்குச் சேர்ந்ததும், உன் அக்கா புற்றுநோய் ஆராய்ச்சிச்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று தம்பிக்கு எழுதினார். பொய் இல்லை. எலி என்று எழுத வேண்டாம் என்று சொன்னது நான். தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிற வீட்டில், நான் எந்த இடத்தில் வேலை செய்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

சேவூரில் அந்த வரி தானாக வளர்ந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அழைப்பவர்கள் பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘ஆராய்ச்சியாளர், அமெரிக்கா’ என்று அச்சாகியிருந்தது. அவரும் நானும் பார்த்துச் சிரித்தோம். திருத்தி எழுதவில்லை. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் தம்பியின் கடிதம் வந்தது. அவன் பேசுகிற மாதிரியே எழுதுவான்.

“அக்கா, ஒண்ணுக்குப் போனா ரத்தம் வருது. வேலூர்ல பாத்தாங்க. ஒரு கிட்னில கட்டியாம், அத எடுத்துடணும்னு சொல்றாங்க. உன் மருமகன் பேப்பர்ல படிச்சிட்டு வந்தான், உங்க ஊர்ல கத்தியே இல்லாம, ரத்தத்துல கீற அணுவ வெச்சே கேன்சர கொல்றாங்களாமே. நீ அங்கதான வேல செய்யற? உன் மருந்து வர்ற வரைக்கும் கத்தி வாணாம்னு சொல்லிட்டேன். சுகந்தி அழுதுகினே கீறா. நீ இருக்கறப்ப எனக்கு இன்னா பயம்?”

சுகந்தி அவன் மனைவி. மருமகன் என்றது அவன் மகனை.

என் வீட்டுக்காரர் ஏரோகிராமை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார். “அப்படி மருந்து எதுவும் இல்லன்னு எழுதிடட்டுமா?”

“நோயாளி வூட்டுக்கு யாராவது இல்லன்னு எழுதுவாங்களா?” என்றேன்.

நம் வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட இல்லை என்று சொல்ல மாட்டோம். நிறைந்திருக்கிறது என்போம். விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம். அப்படி வளர்ந்த வாய். அதனால் அவர், முயற்சி செய்கிறோம், தைரியமாக இருக்கவும் என்று எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் சொல்லை நம்பித்தான் அவன் காத்திருந்தான்.

நான் முயற்சியும் செய்யவில்லை. தினமும் காலையில் பெட்டி அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு பெரிய டாக்டரின் அறையைத் தாண்டிப் போவேன். கதவு திறந்தே இருக்கும். நாளைக்குக் கேட்கலாம் என்று போய்விடுவேன். எந்த மொழியில் கேட்பது, ஐந்தாவது படித்தவள் இதைக் கேட்கலாமா, சிரிப்பாரோ, வேலையை விட்டு எடுத்துவிடுவாரோ. இப்படியே ஆறு வாரம் போனது. அதற்குள் தம்பியிடமிருந்து இன்னொரு கடிதம். “டாக்டரம்மா, ஜல்தி அனுப்பு. பேஜாரா கீது. இங்க எல்லாரும் அமெரிக்கா மருந்து கப்பல்ல வருதான்னு கிண்டல் பண்றாங்க.” கேலிதான். ஆனால் எழுத்து முன்பு போல நேராக இல்லை. வரிகள் கீழ்நோக்கி இறங்கியிருந்தன.

5

அந்தக் கடிதம் வந்த மறுநாள் சீவலை ஒதுக்கும்போது என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ரூபி விடவில்லை. எல்லாவற்றையும் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். அவள் கை உறையைக் கழற்றி எறிந்தாள்.

“ஆறு வாரமா? கட்டி ஆறு வாரத்துல எவ்ளோ வளரும்னு உனக்குத் தெரியாது? தினம் பாக்கறயே! நீ கேக்கலன்னா நான் போய்க் கேக்கறேன்.”

அன்று மாலையே சுநந்தாவைப் பள்ளியிலிருந்து நேரே வரச் சொன்னேன். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பெரிய டாக்டர் எங்களை உட்கார வைத்தார். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். தம்பியின் கடிதத்தைச் சுநந்தா படித்துப் படித்துச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. ரத்தம் எப்போதிலிருந்து வருகிறது, நுரையீரலை எக்ஸ்ரே எடுத்தார்களா, எலும்பில் வலி உண்டா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். பிறகு மெதுவாக விளக்கினார். ஒவ்வொரு தடவையும் புரிகிறதா என்று என்னைப் பார்த்தார். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவர் அதைப் புரியவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இப்படி மூன்று தடவை நடந்த பிறகு சுநந்தாதான், “அது ஆமாம்னு அர்த்தம்” என்று அவரிடம் சொன்னாள்.

அவர் சொன்னது இதுதான். அது புட்டியில் அடைத்து அனுப்புகிற மருந்து இல்லை. அவனுடைய ரத்தத்தையே எடுத்து, வளர்த்து, ஏற்ற வேண்டும். அதுவும் இப்போதுதான் மனிதரிடம் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். நோய் பரவி, கத்தியால் ஆகாது என்று ஆனவர்களுக்கு மட்டும். அதிலும் சிலருக்குத்தான் கேட்கிறது. தாங்க முடியாமல் தீவிரச் சிகிச்சையில் போய்ப் படுக்கிறவர்கள் உண்டு. ‘உன் தம்பிக்குக் கட்டி சிறுநீரகத்தோடு நிற்கிறது என்றால் அவனுக்குக் கத்திதான் நல்ல மருந்து. என் சொந்தத் தம்பியாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம் என்று எழுது.’

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். பனி விழுந்துகொண்டிருந்தது. சுநந்தா என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“மாமா எதுக்கு வெயிட் பண்றாரு?”

“மருந்து வரும்னு.”

“யார் சொன்னா வரும்னு?”

நான் பஸ் வருகிறதா என்று தெருக்கோடியைப் பார்த்தேன்.

“அம்மா, நீ ஒரு வாரத்துலயே இல்லன்னு சொல்லியிருந்தா மாமா போயிருப்பாரு. நீ பொலைட்டா இருந்தே. அதான். பொலைட்டா இருந்து...” மேலே அவளுக்குத் தமிழ் வரவில்லை. இங்கிலீஷில் ஏதோ சொல்லி முடித்தாள். அர்த்தம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பஸ்ஸில் இரண்டு பேரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்தோம்.

6

அன்று கடிதத்தை அவரை எழுத விடவில்லை. நானே எழுதினேன். ஒரு முழு ஏரோகிராமை நான் நிரப்பியது அதுதான் முதல் தடவை. இரண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவதை அனுப்பினேன். வேண்டாம், காத்திருக்காதே என்று மட்டும் எழுதினால் அவன் நம்ப மாட்டான். அக்காவுக்கு அக்கறை இல்லை என்று நினைப்பான், அல்லது இன்னும் பெரிய டாக்டரைக் கேள் என்பான். அவன் காத்திருப்பது மருந்துக்காக மட்டும் இல்லை. ஆராய்ச்சியாளர் என்று பத்திரிகையில் அச்சடித்த அந்த அக்காவுக்காக. அவளை முதலில் இல்லாமல் ஆக்க வேண்டியிருந்தது.

நினைவில் இருக்கிற வரைக்கும் எழுதுகிறேன்.

“தம்பிக்கு. நான் டாக்டர் இல்லை. ஆராய்ச்சியும் செய்யவில்லை. எலிப்பெட்டி கழுவுகிறேன். எலிப் புழுக்கையை வாருகிறேன். நீ பேப்பரில் படித்த வைத்தியத்தை இங்கே எலிக்குச் செய்கிறார்கள். தேறுகிறதைப் பார்த்திருக்கிறேன். தேறாததை அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். தேறியதையும் கொல்கிறார்கள். நான் கொல்வதில்லை. இன்னொருத்தியைக் கொல்ல வைக்கிறேன். அம்மாவுக்கும் உனக்கும் தெரியக் கூடாது என்று இத்தனை வருடம் மறைத்தேன். குட்டிகளைக் குப்பையில் போகாமல் பொறுக்கி எடுக்கிறேன், அது ஒன்றுதான் நான் செய்கிற நல்லது. உனக்கு மருந்து இல்லை. இல்லை. இல்லை. பெரிய டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உனக்குக் கத்திதான் மருந்து. இதைப் படித்து முடித்ததும் வேலூர் பஸ் ஏறு. முன்னாலேயே கேட்காமல் இருந்தது என் தப்பு. நீ போகாமல் இருந்தால் அதுவும் என் தப்பாகிவிடும்.”

மூன்று தடவை இல்லை என்று எழுதியதும் பேனாவைக் கீழே வைத்தேன். ஒரு வீட்டைச் சபித்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் வாங்கிப் படித்தார். ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் ஒட்டிக் கொடுத்தார்.

பிறகு காத்திருந்தது நான். கடிதம் போக இரண்டு வாரம், பதில் வர இரண்டு வாரம். தந்தி கொடுக்கலாமா என்று அவர் கேட்டார். நாலு வார்த்தைத் தந்தியில் இதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டோம். கொடுத்திருக்க வேண்டும். இன்றைக்குத் தோன்றுகிறது.

பதில் சுகந்தியிடமிருந்து வந்தது. ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்தாகிவிட்டது, வீட்டுக்கு வந்துவிட்டார், கஞ்சி குடிக்கிறார் என்று நாலு வரி. எந்த நாளில் போனார்கள் என்று இல்லை. என் கடிதம் கிடைத்ததா என்றும் இல்லை.

7

இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்தேன். தம்பி ஆரணி பஸ் நிலையத்துக்கே வந்து நின்றான். இளைத்திருந்தான், ஆனால் என் பெட்டியை அவனே தூக்கினான். வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டு நெசவுக்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள். நாங்கள் பட்டு உடுத்துவதில்லை, பூச்சியை வேகவைத்து எடுக்கிற நூல் என்று. அதில் அவளுக்கு எப்போதும் ஒரு கோபம் உண்டு.

“இன்னாம்மா, அமெரிக்காவுல எலி சாவற எடத்துல வேலையாமே? அது பரவால்ல, எங்க பட்டுதான் ஆவாதா உனக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அப்போதுதான் தெரிந்தது, என் கடிதம் வந்திருக்கிறது, படித்திருக்கிறார்கள், தெருவுக்கே தெரிந்திருக்கிறது என்று. பிறகு மலருக்கு எழுதியவர் யாரோ, அவருக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. அல்லது மருந்துக்கதைதான் அச்சில் போட அழகாக இருந்திருக்கும்.

தம்பி அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது மட்டும் கேட்டான். “அந்தக் குட்டிங்க, சீவல்ல புதைஞ்சிகினு இருக்குமே, எப்பிடிக்கா தெரியும் உனக்கு?”

“கொஞ்சம் சூடா இருக்கும். விரல்ல படும்.”

“ம்” என்றான். அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வருடம் நுரையீரலில் வந்துவிட்டது. இந்தத் தடவை நான் ஒரு நாளும் தள்ளிப்போடவில்லை. சேதி வந்த அன்றே பெரிய டாக்டரின் அறைக்குள் போனேன், சுநந்தா இல்லாமல். இப்போது பார்க்கலாம், ஆனால் அவன் இங்கே வர வேண்டும், இதயம் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும், கேட்கும் என்று உறுதி கிடையாது என்றார். எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். தம்பியிடமிருந்து பதில் வந்தது. “வாணாம்கா. உங்க எலிங்களோட என்னையும் அடுக்குல வெச்சிடுவீங்க. சுகந்தி கையால கஞ்சி குடிச்சிகினு இங்கயே இருக்கறேன்.” போன வருடம், மழைக்கு முன்னால், வீட்டிலேயே போய்விட்டான்.

என் ஆறு வாரத்தினால் அது பரவியதா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அங்கே யாரும் கூச்சப்படுவதில்லை. இத்தனை வருடத்தில் அவர்களிடம் நான் கற்றுக்கொள்ள நினைத்தது அதைத்தான்.

அதனால் மலர் நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மருந்து அனுப்பினாள் என்ற வரியைத் திருத்திப் போடுங்கள். நான் எழுதியதில் மருத்துவ விஷயம் ஏதாவது தப்பாக இருந்தால், படித்த டாக்டர் யாரிடமாவது காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எலிப்பெட்டிக்கு வெளியே ஒன்றும் தெரியாது.

இன்னொன்றைச் சுகந்திதான் சரிபார்க்க வேண்டும். சுகந்தி, ஆஸ்பத்திரிச் சீட்டுகளை நீ தூக்கிப் போட்டிருக்க மாட்டாய். அவனைச் சேர்த்த தேதி அதில் இருக்கும். என் கடிதமும் இருந்தால், அதன் மேல் ஆரணித் தபால் முத்திரை இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். கடிதம் வந்த பிறகு போனான் என்றால், நான் எழுதும் வரைக்கும் என்னை நம்பித்தான் உட்கார்ந்திருந்தான் என்று ஆகிறது. வருவதற்கு முன்னாலேயே போய்விட்டான் என்றால், என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். இதில் எது நல்லது என்று எனக்கே தெரியவில்லை. எது முதல் தேதியோ அதை எழுது. என் மனசுக்காக மாற்றி எழுத வேண்டாம்.